பெங்களூர்க் குளிருக்கு எந்த இட்லி மாவு?

இட்லி மாவு எப்படி அரைப்பது என்று யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு ரகசியம். அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்கிறார் ஒருவர், மூன்றுக்கு ஒன்று என்கிறார் அடுத்தவர். அவல் போடு, சோறு போடு, ஜவ்வரிசி போடு, ஐஸ் தண்ணீர் ஊற்று, கையால் கலக்கு. இவ்வளவு பேசினாலும் கடைசியில் எல்லாரும் ஒரே வரியில் வந்து நிற்பார்கள்: மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள், எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும்.

பெங்களூரில் உதைப்பது அந்த எட்டு மணி நேரம்தான். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 15, 16 டிகிரி சர்வசாதாரணம். அதே ஜனவரியில் சென்னை ராத்திரி 21 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரை, வைகாசியில் 26, 27. வீடியோ எடுக்கிறவர் பொய் சொல்லவில்லை, அவர் வீட்டுச் சமையலறைக்கு எட்டு மணி நேரம் சரிதான். இங்கே ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்த மாவு காலை ஆறு மணிக்கும் வைத்த மட்டத்திலேயே இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “உளுந்து சரியில்லடி” என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். பாவம், உளுந்து என்ன செய்யும்?

ஆகவே அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடியிலோ இருக்கிற தமிழ்க் குடும்பம் எந்த வழியைப் பிடிக்கலாம் என்று பார்ப்போம். கிரைண்டரில் அரைக்கும் பழைய நாலுக்கு ஒன்று, மிக்ஸியில் அரைக்கும் மூன்றுக்கு ஒன்று, கர்நாடகக்காரர்களின் இட்லி ரவை (அரிசியை உடைத்த ரவை), தயிரும் ஈனோவும் போடும் உடனடி இட்லி, கடைப் பாக்கெட் மாவு. இவைதான் போட்டியில் இருப்பவை. எல்லாவற்றையும் வீட்டில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நீங்களும் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் ஒரு யோசனை. ஒரே கடை உளுந்து, ஒரே மூட்டை அரிசி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். அவலும் போட்டு, உப்பையும் மாற்றி, பாத்திரத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது. அரைத்த மாவில் கொஞ்சத்தை நேரான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிடுங்கள். அப்புறம் பொங்கியதா இல்லையா என்று வீட்டில் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. சமையலுக்கான வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. காய்ச்சல் பார்ப்பது இதற்கு உதவாது, 25 டிகிரியெல்லாம் அதன் கணக்கிலேயே இல்லை.

முதலில் மாவை யார் பொங்க வைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வீடியோக்களைத் தாண்டிப் போய்விடலாம். பலரும் ஈஸ்ட் என்று நினைக்கிறோம். முக்கியமான வேலையைச் செய்வது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்கிற பாக்டீரியா. அதை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே வருகிறது, ஊறும்போதே பெருகத் தொடங்கிவிடுகிறது. அது விடுகிற கரியமில வாயுவை உளுந்தின் வழவழப்பு வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. மாவு எழும்புவது அதனால்தான். 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் இந்த வேலை நன்றாக நடக்கும். 20க்குக் கீழே எல்லாம் மந்தம். 40ஐத் தாண்டினால் பொங்குவதைவிடப் புளிப்பு முந்திக்கொள்ளும்.

இதை வைத்துப் பார்த்தால், கையால் கலந்தால்தான் பொங்கும் என்கிற பிரபலமான குறிப்பு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஒரே மாவைப் பாதி கையாலும் பாதி கரண்டியாலும் கலந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு ரப்பர் பேண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஆனாலும் நான் கையால்தான் கலக்கிறேன். உளுந்தும் அரிசியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டனவா, இன்னும் ஒரு கரண்டித் தண்ணீர் கேட்கிறதா என்பது கைக்குத்தான் தெரியும். உளுந்தை நன்றாகக் கழுவிவிட்டு, ஊற வைத்த தண்ணீரையே அரைக்கவும் பயன்படுத்துங்கள் என்கிற குறிப்பு மட்டும் உருப்படியானது. பெருகியிருக்கிற பாக்டீரியாவை எதற்குச் சாக்கடையில் கொட்ட வேண்டும்?

சரி, இனி ஒவ்வொன்றாக.

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், கிரைண்டர். இதுதான் பழைய வழி. சுவையிலும் மென்மையிலும் இதை மற்ற எதுவும் தொடவில்லை. காரணம் கல். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம், அது சும்மா இல்லை. கல் மெதுவாகச் சுற்றி உளுந்தை நசுக்கும்போது மாவுக்குள் காற்று ஏறுகிறது, சூடும் ஏறுவதில்லை. தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து, இருபத்தைந்து முப்பது நிமிடம் உளுந்தை ஓடவிட வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசி நைஸாகக் கூடாது, கை விரலில் சன்னமான நறநறப்பு தெரிய வேண்டும்.

இதில் பெங்களூரில் தடுமாற வைப்பது அரிசி. பக்கத்து மளிகைக் கடையில் தோசை அக்கி என்று எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் பச்சரிசி. தோசைக்கு அது அருமையாக இருக்கும், மொறுமொறுவென்று வரும். அதையே நாலுக்கு ஒன்று போட்டு இட்லி ஊற்றினால் சூட்டோடு சாப்பிடும் வரை பரவாயில்லை. டப்பாவில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப் போனால் மத்தியானம் விறைத்துவிடும். இட்லி அரிசி என்று கேட்டு, புழுங்கல்தானா என்று பார்த்து வாங்குங்கள். குட்டையாக, தடித்து, மங்கலாக இருக்கும். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ்க் கடைகளில் சிரமமில்லாமல் கிடைக்கிறது. உளுந்து முழு வெள்ளை உளுந்தாக இருக்கட்டும். உடைத்த பருப்பு நாள்பட்டதாக இருந்தால் வழவழப்பு குறைந்து, எவ்வளவு அரைத்தாலும் மாவு எழும்பாது.

இந்த வழியின் குறை நேரம். குளிர்காலத்தில், எந்த உபாயமும் செய்யாமல் சமையலறை மேடையில் வைத்தால் பதினான்கு, பதினாறு மணி நேரம் கேட்கிறது. அதாவது மத்தியானம் அரைத்தால் மறுநாள் காலை இட்லி. அது தெரிந்துவிட்டால் பிரச்சினை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அரைத்து ஞாயிறு காலை இட்லி என்று திட்டம் போடுகிறவருக்குத்தான் சிக்கல். இன்னொன்று கிரைண்டர் போடும் சத்தம். அடுக்குமாடியில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் மறுநாள் லிஃப்டில் முகம் திருப்பிக்கொள்வார்.

மிக்ஸி வழிக்கு வருவோம். கிரைண்டர் வைக்க இடமில்லாத வீடுகள் இங்கே ஏராளம், அதனால் இணையத்தில் அதிகம் பார்க்கப்படுவதும் இதுதான். மிக்ஸியில் உளுந்து அவ்வளவு காணாது என்பதால் மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அது நியாயமான திருத்தம். கூடவே ஒரு கட்டளை வரும்: ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு சூடாகிவிடும். சென்னை வெயிலில் இதை மறுக்க முடியாது. பிளேடு வேகமாகச் சுற்றுகிறது, ஏற்கெனவே 30 டிகிரியில் இருக்கிற உளுந்து இன்னும் சூடேறினால் கெடுதல். ஆனால் ஜனவரி பெங்களூரில் குழாய்த் தண்ணீரே சில்லென்றுதான் வருகிறது. அதில் ஐஸையும் போட்டு அரைத்தால் மாவு இருபது டிகிரிக்குக் கீழே தொடங்கி, ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கும். இங்கே குளிர்காலத்தில் சாதாரணத் தண்ணீர் போதும், இடையிடையே நிறுத்தி நிறுத்தி அரைத்தால் போதும். மிக்ஸி தருகிற லேசான வெதுவெதுப்பு உண்மையில் லாபம். ஜாரைத் தொட்டால் சுடுகிறது என்கிற அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அவல், சோறு, ஜவ்வரிசி மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஏற்கெனவே வெந்த அல்லது பாதி வெந்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைப்பதால் இட்லி மெத்தென்று இருக்கிறது. பொங்குவதற்கு அவை பெரிய உதவியில்லை. மிக்ஸி மாவில் அரை டம்ளர் அவல் போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. கிரைண்டர் மாவில் போட்டால் அவ்வளவாகத் தெரிவதில்லை, கூடினால் குழைந்து தட்டில் ஒட்டுகிறது. ஜவ்வரிசி போட்டுக் கொழுகொழுவென்று வருவதற்குத்தான் நம் ஊர்க்காரர்கள் குஷ்பு இட்லி என்று பெயர் வைத்தார்கள். ஆமணக்கு முத்து சேர்க்கும் குறிப்பும் அவ்வப்போது தலைகாட்டும். கொங்குப் பக்கம் பழைய பழக்கம்தான் என்றாலும், அந்த முத்தில் ரிசின் என்கிற கடும் நஞ்சு இருக்கிறது. அளவும் பக்குவமும் தெரிந்த கைகளுக்கு விட்டுவிடுங்கள், வீடியோ பார்த்துச் செய்கிற விஷயமில்லை.

மிக்ஸி மட்டும் இருப்பவர்களுக்கு என் ஓட்டு கர்நாடக வழிக்கு. இரண்டு பங்கு இட்லி ரவை, ஒரு பங்கு உளுந்து. உளுந்தை மட்டும் அரைத்தால் போதும். ரவையைக் கழுவி ஊற வைத்து, பிழிந்து, உளுந்து மாவில் கலந்துவிடலாம். மிக்ஸி தடுமாறுகிற இடமே அரிசிதான், அந்த வேலையே இங்கே இல்லை. இட்லி கொஞ்சம் மணல் மணலாக, உதிரியாக இருக்கும். தேங்காய்ச் சட்னியை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். பெங்களூர் தர்ஷினிகளில், அதாவது நின்றுகொண்டே சாப்பிடும் டிபன் கடைகளில், தட்டில் வருகிற இட்லியின் பதம் இது. நம் வீட்டு இட்லியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம், இதை இதுவாகவே சாப்பிட்டால் திருப்தி.

ஒரு பெரிய ஆனால் உண்டு. தமிழ் வீட்டில் மாவு என்பது ஒரு நாள் விவகாரமில்லை. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் புளித்துவிட்டால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், மிச்சம் குழிப்பணியாரம். இட்லி ரவை மாவு இந்தப் பயணத்துக்கு வராது. தோசை ஊற்றினால் திட்டுத் திட்டாகப் பரவும், மெல்லிசாக இழுக்க முடியாது. வாரத்தில் பாதி நாள் தோசை ஓடுகிற வீடு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உடனடி இட்லியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோதுமை ரவையும் தயிரும் சேர்த்துச் செய்கிற ரவா இட்லியே பெங்களூரில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி தட்டுப்பாடு வந்தபோது தாங்கள் கண்டுபிடித்தது என்று லால்பாக் ரோடு எம்.டி.ஆர். உணவகம் சொல்கிறது. நெய்யில் வறுத்த ரவை, கடுகு, முந்திரி, கொத்தமல்லி எல்லாம் சேர்ந்து அது தனிப் பலகாரம். இதற்கு ஈனோ போட்டதும் பொங்குகிற மாவை ஆறவிடாமல் உடனே தட்டில் ஊற்றி வேக வைக்க வேண்டும். சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து விடுகிற வாயு சில நிமிடங்களில் காலி. இதே உபாயத்தைப் பொங்காத அரிசி மாவில் செய்து காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. இட்லி எழும்பும், பார்க்க நன்றாகவே இருக்கும், வாயில் வைத்தால் புளித்த மாவின் வாசனை இருக்காது. விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால் செய்யலாம். வெறும் சோடா உப்பை அள்ளிப் போட்டால் இட்லி மஞ்சளடித்து, நாக்கில் சோப்பு நெடி நிற்கும்.

பாக்கெட் மாவைக் கேவலமாகப் பேசும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. இந்த ஊரில் அது செல்லுபடியாகாது. பாக்கெட் மாவு விற்கும் ஐடி ஃபிரெஷ் நிறுவனம் 2005ல் தொடங்கப்பட்டதே பெங்களூரில்தான். குளிரூட்டிய இட்லி தோசை மாவு இன்று எந்தத் தெருவிலும் கிடைக்கிறது. அதன் பெரிய பலம், குளிர் என்கிற தலைவலியை வேறு யாரோ பார்த்துக்கொண்டுவிட்டார்கள் என்பது. பாக்கெட்டில் அரைத்த தேதியைப் பாருங்கள். பை லேசாக உப்பியிருந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாமல் ஒரு மணி நேரமாவது வெளியே வைத்தால் இட்லி எழும்பும். எல்லா மாவும் ஒன்றில்லை. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் எடை போட்டுத் தருகிற மாவில் அரிசி தூக்கலாக இருக்கும். தோசை பிரமாதம், இட்லி தட்டை. இருவர் மட்டும் இருக்கிற வீட்டில், வாரம் இரண்டு வேளை டிபனுக்குக் கிரைண்டர் கழுவுகிற உழைப்பை யோசித்தால் பாக்கெட் மாவு தோற்பதில்லை. நாலு பேர், அதிலும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் என்றால் செலவு எகிறிவிடும்.

வீட்டில் அரைப்பது என்று முடிவானால், சூடு கொடுக்க எந்த உபாயம் என்பதுதான் மிச்சம். இதில்தான் இணையக் குறிப்புகள் அதிகம் சறுக்குகின்றன. ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வை என்பது அமெரிக்கத் தமிழர்களின் குறிப்பு. அங்கே பெரிய ஓவன், குண்டு பல்பு, தாராளமாக வெதுவெதுப்பு. நம் மைக்ரோவேவில் கதவை மூடினால் விளக்கு அணைந்துவிடும், எல்.இ.டி. விளக்காக இருந்தால் எரிந்தும் பிரயோஜனமில்லை, அது சூடே தராது. ரைஸ் குக்கரில் வார்ம் பட்டனைப் போட்டு வைக்கச் சொல்வார்கள். அது சோற்றைச் சூடாக வைத்திருப்பதற்கான வெப்பம், 60 டிகிரிக்கு மேல். ஓரத்து மாவு வெந்தே போகும். இன்ஸ்டன்ட் பாட் என்கிற மின்சாரக் குக்கரில் தயிர் பட்டன் வேலை செய்கிறது, ஆனால் அது 40 டிகிரியை ஒட்டிய சூடு. ராத்திரி முழுக்க விட்டால் காலையில் நல்ல புளிப்பு. குறைந்த சூட்டில் வைக்க வழியிருந்தால் வையுங்கள். கம்பளி சுற்றுவது மாவுக்குள் இருக்கிற சூட்டை வெளியே விடாது, புதிதாகச் சூடு தராது. சில்லென்ற மாவைக் கம்பளியில் சுற்றினால் அது சில்லென்றே இருக்கும்.

இவற்றையெல்லாம்விட நம்பகமானது ஒரு தெர்மோகோல் பெட்டியோ பிக்னிக் ஐஸ் பெட்டியோதான். மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் பாட்டில் நிறையக் கொதிக்கிற தண்ணீர், மேலே மூடி. தூங்கப் போகும் முன் தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் விடியற்காலை வரை 26, 28 டிகிரி நிற்கிறது. பெட்டி இல்லாதவர்கள் மைக்ரோவேவை ஓட்டாமல், வெறும் பெட்டியாக இதே மாதிரி பயன்படுத்தலாம். அதுவும் இல்லையென்றால் குறைந்தபட்சம் பாத்திரத்தைக் கிரானைட் மேடையில் நேராக வைக்காதீர்கள். அந்தக் கல் அடியிலிருந்து சூட்டை உறிஞ்சும். மடித்த துண்டோ மணைப் பலகையோ போட்டு அதன்மேல் வையுங்கள். பெட்டியும் வெந்நீரும் சேர்ந்தால் பதினாறு மணி நேரம் பத்தாகச் சுருங்குகிறது, சனிக்கிழமை சாயங்காலத் திட்டம் மறுபடி உயிர்பெறுகிறது.

உப்பு விஷயத்தில் இரண்டு கட்சி. கல்லுப்புதான் போட வேண்டும், அயோடின் உப்பு பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பது ஒன்று, எந்த உப்பானாலும் சரி என்பது மற்றொன்று. சாப்பாட்டு உப்பில் அயோடின் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது மாவில் போடுகிற ஒரு மேசைக்கரண்டியில் இருப்பது ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இரண்டு உப்பையும் போட்டு வைத்தால் பாட்டில்கள் வித்தியாசம் காட்டவில்லை. எப்போது போடுவது என்பதில் விஷயம் இருக்கிறது. உப்பு புளிப்பதை மந்தப்படுத்தும். குளிரில் அரைத்ததும் பாதி, பொங்கியபின் பாதி என்று பிரித்துப் போடுவது நல்லது. ஏப்ரலில் இங்கேயும் பகல் 34 டிகிரி வரை போகிறது, அப்போது முதலிலேயே முழுசாகப் போட்டுவிடலாம்.

வேக வைக்கும் நேரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வீடியோவில் பத்து நிமிடம் என்றால் இங்கே பன்னிரண்டு வைத்து, குச்சி குத்திப் பார்த்து இறக்கலாம்.

முடிவு வீட்டைப் பொறுத்தது. தோசையும் இட்லியும் சம அளவில் ஓடுகிற, மூன்று பேருக்கு மேல் இருக்கிற வீடு கிரைண்டர் வாங்கிவிடலாம். இரண்டு லிட்டர் மேசை கிரைண்டர் போதும், கூடவே அந்த தெர்மோகோல் பெட்டி. மிக்ஸி மட்டும் இருந்து, இட்லிதான் முக்கியம் என்றால் இட்லி ரவை. தோசைக்குத் தோசை அக்கியைத் தனியாக அரைத்துக்கொள்ளுங்கள், பச்சரிசி என்பதால் அதற்கு மிக்ஸி திண்டாடுவதில்லை. இருவர் மட்டும், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வீடு திரும்பவே எட்டு மணி ஆகிறது என்றால் வாரநாளுக்குப் பாக்கெட். மிக்ஸியில் அரிசியும் உளுந்தும் அரைக்கிற மூன்றுக்கு ஒன்று வழியை, ஏற்கெனவே அதில் கைபழகியவர்களைத் தவிர யாருக்கும் இங்கே நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதுவும் டிசம்பரில்.